பீடோரின் ஏழு மணிச் செய்தி

8 அக்டோபர் 2024, செவ்வாய்

நான்கு மையங்களின் செய்திகளும் ஒழுங்காக வருகின்றன. ஈப்போ, சுங்கை சிப்புட், பீடோர், சிலிம் ரிவர். காலையில் அலுவலகக் கதவைத் திறந்ததும், விசிறியைக்கூடப் போடாமல், முதலில் அதைத்தான் பார்த்தேன்.

'கண்காணிப்பு நிலையம்' என்று மருமகன் ராட்னி வாடிக்கையாளர்களிடம் சொல்கிறான். கடைவீட்டு மேல்மாடியில் ஒரு பழைய கணினி, அவ்வளவுதான். ஒரு தர்ம அறவாரியம் நடத்தும் டயாலிசிஸ் மையங்களின் இணையத்தைப் பார்த்துக்கொள்வது அவனுடைய கம்பெனி. ஒவ்வொரு மையத்திலும் உள்ள ரௌட்டர் தனக்கு எது நேர்ந்தாலும் அதை ஒரு வரிச் செய்தியாக இந்தக் கணினிக்கு அனுப்பிவிடும். கம்பி கழன்றால், மின்சாரம் போய் வந்தால், யாராவது தவறான கடவுச்சொல் போட்டால் – எல்லாவற்றையும். இனி ஒவ்வொரு சின்னக் கோளாறுக்கும் காடியை எடுத்துக்கொண்டு சிலிம் ரிவர் வரை ஓட வேண்டியதில்லை.

யோசனை என்னுடையது. ராட்னி அதை ஏற்றுக்கொண்டது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. தொலைபேசி இலாகாவில் இருந்த காலத்தில் நான் சொன்ன எதையும் யாரும் ஏற்றதாக நினைவில்லை. நானும் அதிகம் சொன்னதில்லை.

10 அக்டோபர், வியாழன்

அறவாரியத்தின் தலைமையகத்திலிருந்து புகார். பீடோர் நோயாளிகளின் பிற்பகல் பதிவுகளை மாலையில் திறந்தால் சில நாள்களில் பாதிதான் வந்திருக்கிறதாம். ராட்னி என் மேசைக்கு வந்து, "மாமா, இதுக்குத்தானே நம்ம நிலையத்த வச்சோம், பாத்துச் சொல்லுங்க லா" என்றான். 'நம்ம' என்றது பிடித்திருந்தது.

11 அக்டோபர், வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பீடோர் ரௌட்டர் சில நாள்களில் மின்சாரம் போய்த் திரும்பத் தொடங்குகிறது. கடந்த சில வாரச் செய்திகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் காலை ஏழு மணியை ஒட்டியே இருக்கின்றன. மின்வெட்டு என்றால் இப்படி ஒரே வேளையில் வராது. யாரோ ஒரு மனிதரின் கை.

மையத்தின் தாதி தினேஸ்வரியைத் தொலைபேசியில் கேட்டேன். "நாங்கெல்லாம் எட்டு மணிக்குத்தான் வருவோம் அங்கள். ஏழு மணிக்குக் காளியம்மா மட்டுந்தான். கூட்டித் தொடைக்க வருவாங்க" என்றார்.

அறிக்கையை அடித்தேன். அட்டவணை தாளின் அகலத்துக்குள் அடங்கவில்லை. ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு நேரங்கள் இருக்கின்றன: ரௌட்டர் தானே குறித்து அனுப்பும் நேரம், அது இங்கே வந்து சேர்ந்த நேரம். இரண்டையும் போட்டால் படிப்பவர்கள் குழம்புவார்கள். வந்து சேர்ந்த நேரத்துக்கான பத்தியைத் திரையிலேயே மறைத்துவிட்டேன். இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது.

கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'குறிப்பிட்ட வேளைகளில் கட்டடத்தில் துப்புரவுப் பணியாளர் மட்டுமே இருந்ததாக அறியப்படுகிறது.' சேர்க்கலாமா வேண்டாமா என்று பலமுறை யோசித்தேன். உண்மைதானே.

14 அக்டோபர், திங்கள்

அறிக்கை போய்விட்டது. ராட்னி கைகொடுத்தான்.

17 அக்டோபர், வியாழன்

காளியம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தினேஸ்வரிதான் சொன்னார். கேட்டதற்கு, தான் எதையும் தொடவே இல்லை என்றாராம். ஒத்துக்கொண்டிருந்தாலாவது எச்சரித்து விட்டிருப்பார்களாம். பொய் சொன்னதுதான் தலைமையகத்துக்குப் பிடிக்கவில்லையாம்.

தீபாவளிக்கு இரண்டே வாரம். நான் அந்த அம்மாளைப் பார்த்ததுகூட இல்லை.

18 அக்டோபர், வெள்ளி

இன்று அவரே அழைத்தார். ரௌட்டர் பெட்டியில் ஒட்டியிருந்த தாளிலிருந்து என் எண்ணைக் குறித்து வைத்திருந்தாராம். வணக்கமெல்லாம் இல்லை.

"நீங்கதான் அந்த ஈப்போ ஆளா? எங்கைய நீங்க பாத்தீங்களா? கேமரா வச்சிருக்கீங்களா?"

"கேமரா இல்லம்மா. கரண்டு போய் வந்தா ரௌட்டர் எங்களுக்குச் செய்தி அனுப்பும்."

"ஓ. செய்தி அனுப்புச்சா. காளியம்மாதான் புடுங்குனான்னு பேர் சொல்லிச்சா?"

"பேரெல்லாம் சொல்லாதும்மா."

"அப்ப பேர் சொன்னது யாரு?"

அவருக்குப் பின்னால் கோழி கத்துவது கேட்டது. "பதில் வர்றப்ப போன் பண்ணுங்க" என்று வைத்துவிட்டார்.

பெயரை நான் எழுதவில்லை. 'துப்புரவுப் பணியாளர்' என்றுதான் எழுதினேன். அங்கே இருப்பது ஒரே ஒரு துப்புரவுப் பணியாளர்.

21 அக்டோபர், திங்கள்

பீடோரிலிருந்து மறுபடியும் அதே செய்தி. 07:22. அவர் போன பிறகும்.

22 அக்டோபர், செவ்வாய்

புதிதாக யாரையோ வைத்திருப்பார்கள், அவர்களும் அதே பிளக்கைத்தான் பிடுங்குகிறார்கள் என்று நேற்று இரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கினேன். இன்று தினேஸ்வரியைக் கேட்டேன். யாரையும் வைக்கவில்லை. தாதிகளே எட்டு மணிக்கு வந்து கூட்டிக்கொள்கிறார்கள். அதுவரை கதவு பூட்டியே இருக்கிறது.

பூட்டிய கட்டடத்தில் ஏழு மணிக்கு யார் இருக்கிறார்கள்?

என்ன செய்துவிட்டேன் நான்?

23 அக்டோபர், புதன்

இன்று பிற்பகல், மேசையில் பாதி தின்ற குவே பலகாரமும் ஆறிப்போன தேநீரும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு புதிய வரி வந்து விழுந்தது. என் கண் முன்னால், அப்போதுதான்.

பீடோர். கருவி மீண்டும் தொடங்கியது. 07:12.

சுவரில் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது. வெளியே பள்ளிப் பிள்ளைகளின் வேன் நின்றுகொண்டிருந்தது. வெயில். ஏழு பன்னிரண்டு என்கிறது திரை.

மறைத்து வைத்த பத்தியைத் திரும்பக் கொண்டுவந்தேன். வந்து சேர்ந்த நேரம்: பிற்பகல் 3.12. முந்தையவை எல்லாமே அப்படித்தான். மூன்று, மூன்றரை, மூன்றேகால். ஒன்றுகூடக் காலை இல்லை.

ஆகஸ்டில் இடி விழுந்து பீடோரின் பழைய ரௌட்டர் எரிந்துபோனது. புதியதை நான்தான் அமைத்தேன். உள்ளூர் நேரத்தைச் சொல்லும் ஒரு வரி உண்டு. அதைச் சொல்லாவிட்டால் அது பாட்டுக்கு உலக நேரத்தில் ஓடும். நமக்கு எட்டு மணி நேரம் பின்னால். மற்ற மூன்றுக்கும் போட்டிருக்கிறேன். இதற்கு மட்டும் விட்டிருக்கிறேன். ஏன் விட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

எழுதி முடித்த எதையும் திரும்பிப் பார்க்காமல் நான் விடுவதில்லை. வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன், பாதி வழி போய்த் திரும்பி வந்தும் இழுத்துப் பார்ப்பேன். இதைப் பார்க்கவில்லை. காலையில் நின்று வந்த இணையத்தால் பிற்பகல் பதிவு எப்படிப் பாதியாகும் என்றுகூட ஒரு தடவை கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்கணும். படிச்ச மனுஷன்தானே நான்.

24 அக்டோபர், வியாழன்

ராட்னியிடம் சொல்லவில்லை. இரண்டு முறை அவன் அறை வாசல் வரை போனேன். ஒரு முறை அவன் தொலைபேசியில் இருந்தான். இன்னொரு முறை இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கத்தரின், "என்னாங்க, சோத்துல பல்லி கெடக்குற மாரி பாக்குறீங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த அம்மாவுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"தெரியல."

"தெரியாமத்தான் எழுதுனீங்களா?" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "நாளைக்கு ராட்னிகிட்ட சொல்லுங்க. சொன்னா என்ன, அடிக்கவா போறான்?"

அடித்தால்கூடப் பரவாயில்லை. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா கிடந்தவனுக்கு ஒரு மேசையும் சாவியும் கொடுத்தவன் அவன். மாமாவுக்கு வயசாச்சு என்று அவன் நினைக்கப் போவதைத்தான் என்னால் தாங்க முடியாது.

25 அக்டோபர், வெள்ளி

சொன்னேன்.

ராட்னி கத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "டைம மட்டும் சரி பண்ணிடுங்க மாமா. ரிப்போர்ட்டு போனது போனதுதான்."

"அந்த அம்மா வேலை போயிருச்சேப்பா."

"அது அறவாரியம் எடுத்த முடிவு. நாம யார் பேரையும் போடல. நவம்பர்ல கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். இப்ப போயி, எங்களுக்கு மணி பாக்கத் தெரியலன்னு சொன்னா அப்புறம் நம்மளோட எந்த ரிப்போர்ட்ட நம்புவாங்க? சொல்லுங்க. இங்க வேல செய்யிற புள்ளைங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் கஷ்டம்.

'சரி' என்றேன். சரின்னு சொல்லிட்டேன். வெளியே வந்த பிறகுதான் என் வாய் என்ன சொன்னது என்று எனக்கே கேட்டது.

26 அக்டோபர், சனி

பீடோரின் நேரத்தைத் திருத்தினேன். ஒரே ஒரு வரி.

27 அக்டோபர், ஞாயிறு

தேவாலயத்துப் பூசையில் மனம் நிற்கவில்லை. நற்கருணைக்குப் போகாமல் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். கத்தரின் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

28 அக்டோபர், திங்கள்

பீடோருக்குப் போய் வந்தேன். ராட்னியிடம் பல் வைத்தியர் என்று பொய் சொன்னேன். நெடுஞ்சாலையில் போகத் துணிவில்லாமல் பழைய சாலையிலேயே கம்பார், தாப்பா வழியாக ஓட்டினேன்.

மையத்தில் பிற்பகல் நோயாளிகள் படுத்திருந்தார்கள். தினேஸ்வரி முகப்பில் இருந்தார். "வாங்க அங்கள், என்னா திடீர்னு? சாப்டீங்களா?" எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வெயிலைப் பற்றியும் சாலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். வானம் கறுத்தது. தோட்டத்துப் பக்கம் எங்கோ தூரத்தில் ஒரு உறுமல். தினேஸ்வரி பேச்சை நிறுத்தாமலே குனிந்து, மேசைக்கு அடியில் கையை விட்டு, பிளக்கைக் கழற்றினார். முகப்புக் கணினி அணைந்தது. பிரிண்டர் அணைந்தது. அலமாரி மேல் ரௌட்டரின் விளக்குகளும் அணைந்தன.

"சிஸ்டர், இப்ப என்ன செஞ்சீங்க?"

"இடி இடிக்குதே அங்கள், கேக்கலயா? தோட்டத்து லயத்துல இருந்தப்ப எங்க வீட்டு டிவி இப்படித்தான் வெடிச்சிச்சு. நோயாளிங்க மெஷினுக்குத் தனி லைன், அதுக்கு ஒண்ணும் ஆகாது. இங்க இருக்கிறதத்தான் காப்பாத்தணும். போன தடவ பெட்டி எரிஞ்சப்ப உங்க மருமகனே சொன்னாரே, இடி இடிச்சாப் பாத்துக்குங்க சிஸ்டர்னு. கம்ப்யூட்டரு எப்படியும் ஆஃப்தானே, நெட் இருந்தா என்னா இல்லாட்டி என்னா. மழ விட்டதும் மாட்டிருவேன்."

தினமும் பக்கத்து வீட்டுக்காரி செய்வது. என் மனைவி செய்வது. நான் செய்வது. இடிச் சத்தம் கேட்டால் இந்த ஊரில் எவர் கையும் முதலில் பிளக்குக்குத்தான் போகும். யாரும் அதை 'இணையத்தை நிறுத்தினேன்' என்று நினைப்பதில்லை.

சொன்னேன். ஏழு மணி என்று நான் எழுதியது மூன்று மணி என்று. முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப நானா அங்கள்?"

"நீங்க செஞ்சது தப்பில்ல. நேரத்தத் தப்பா எழுதுனது நான்."

"இங்கயே நிக்க வச்சுக் கேட்டேன் அவங்கள. எல்லாப் பேஷண்டும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. 'உண்மையச் சொன்னா விட்டுருவோம்'னு சொன்னேன் அங்கள் நான்." அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மழை பெரிதாகப் பிடித்துக்கொண்டது.

வழி கேட்டுக்கொண்டு காளியம்மா வீட்டுக்குப் போனேன். தோட்டம் விற்கப்பட்டபோது ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த தாமான் குடியிருப்பு. வேலிக் கதவைத் திறக்காமலே பேசினார். ஐம்பது வயதிருக்கும். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம்.

குடையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி, மன்னிக்க வேண்டும் என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? நான் செய்யலன்னு எனக்குத்தான் முன்னமே தெரியுமே."

"மையத்துல மறுபடி வேலைக்கு எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதறேன்."

"கடுதாசி யாரு படிப்பா? அந்த நாக்காலியில படுத்திருக்கிறவங்க படிப்பாங்களா? வாரம் மூணு நாளு அவங்க மொகத்த நான் பாக்கணும். தினேஸ்வரி மிஸ்ஸி அவங்க முன்னாலதான் என்னைக் கேட்டாங்க. நீங்களும் அவங்க முன்னால வந்து சொல்லுங்க. அப்புறம் வாரேன்." கொஞ்சம் நிறுத்தி, "மழயில நனையாதீங்க, போங்க" என்றார். கதவை மட்டும் கடைசி வரை திறக்கவில்லை.

29 அக்டோபர், செவ்வாய்

அறவாரியத்துக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். இரண்டு நேரங்களையும் போட்டேன். ராட்னிக்கும் நகல். அனுப்பிவிட்டுக் கழிவறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே வந்தபோது அவன் அறைக்கதவு சாத்தியிருந்தது. மாலை வரை திறக்கவில்லை.

30 அக்டோபர், புதன்

நாளை தீபாவளி. பீடோர் கடைத்தெருவில் காடி நிறுத்த இடமில்லை.

மையத்தில் பல நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆள். கைகளிலிருந்து குழாய்கள். என்னிடம் எழுதிய தாள் இருந்தது. தினேஸ்வரி என் பக்கத்தில் நின்றார்; காளியம்மாவை மீண்டும் எடுத்துக்கொள்ளத் தலைமையகம் நேற்று மாலையே சம்மதித்துவிட்டதாம். வாசலில் காளியம்மா, கையைக் கட்டிக்கொண்டு. உள்ளே வரவில்லை.

மிஷன் பள்ளியில் ஒருமுறை மேடையேறி, பேச்சு வராமல் இறங்கியவன் நான். அதன் பிறகு தேவாலயத்தில் வாசகம் படிக்கக்கூட ஒப்புக்கொண்டதில்லை. தாளைப் பார்த்து முணுமுணுத்தேன். முடித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். ஓரத்து நாற்காலியிலிருந்து ஒரு பெரியவர் – பத்துமலை என்று பெயராம், பழைய லாரி ஓட்டுநர் – குரல் கொடுத்தார்.

"அண்ணே, மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லுங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"காளியம்மா எதையும் புடுங்கல. நான்தான் மணியத் தப்பா பாத்து எழுதிட்டேன். எம்பேரு ஆம்புரோஸ். ஈப்போவுலேர்ந்து வாரேன்."

என் குரல் அவ்வளவு பெரிதாக எனக்கே கேட்டதில்லை. பிறகு தினேஸ்வரி, "பிளக்க புடுங்குனது நான்தான். இடிக்கு" என்றார்.

"பாத்தியா," என்றார் பத்துமலை வாசலைப் பார்த்து. "நான் அன்னிக்கே சொன்னேன், எங்காளு செய்யமாட்டான்னு."

"நீ எங்க சொன்ன?" என்று காளியம்மா அங்கிருந்தே கேட்டார். "வாயத் தொறந்து கொறட்டதான் விட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். காளியம்மா சிரிக்கவில்லை. உள்ளே வந்து, நேராகப் பின்பக்கம் போய், தண்ணீர் வாளியை எடுத்துக் குழாயைத் திறந்தார். என்னைக் கடந்துதான் போனார்.

31 அக்டோபர், வியாழன்

ராட்னி அழைக்கவில்லை.

2 நவம்பர், சனி

சகல ஆன்மாக்கள் தினம். அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினோம். மகள் கேரன் பூக்களோடு வந்தாள். ராட்னி காடியிலேயே உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "வாரேன் அத்தை" என்று கத்தரினிடம் மட்டும் சொன்னான்.

8 நவம்பர், வெள்ளி

கான்ட்ராக்ட்டை மூன்று மாதத்துக்கு மட்டும் நீட்டித்திருக்கிறார்கள். பிறகு பார்த்துச் சொல்வார்களாம். ராட்னி அதை என்னிடம் நின்றுகொண்டே சொன்னான்.

"நிலையத்த இனிமே தீபன் பாத்துக்கட்டும் மாமா. நீங்க கொஞ்சம் ரெஸ்ட்டு எடுங்க."

அலுவலகத்தில் வேலை செய்யும் தீபன் நல்ல பையன், வேகமாகக் கற்றுக்கொள்வான். எதை எப்படிப் பார்ப்பது என்று உட்கார்ந்து விளக்கினேன். இரண்டு நேரப் பத்திகளையும் மறைக்க வேண்டாம் என்றேன். சரி அங்கள் என்றான். சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

13 நவம்பர், புதன்

பகல் நீளமாக இருக்கிறது. கத்தரினின் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்றாள்.

தப்பு செய்துவிட்டேனா? எதை? எழுதியதையா, திருத்தியதையா? திருத்தியது தப்பில்லை. இதை எழுதி ஒரு முறை படித்துப் பார்த்தேன். தப்பில்லை.

26 நவம்பர், செவ்வாய்

பத்து மணி வாக்கில் தொலைபேசி. காளியம்மா.

"சார், இங்க நெட்டு இல்ல. காலையிலேர்ந்து. மிஸ்ஸி உங்க ஆபீசுக்குப் போன் போட்டுப் போட்டுப் பாக்குறாங்க, யாரும் எடுக்கல."

நான் இப்போது அந்த வேலையில் இல்லை என்றேன்.

"அதெல்லாம் எனக்கு என்னா தெரியும்? வேற யாருக்காச்சும் போட்டா, காளியம்மா நீ எதத் தொட்டேம்பாங்க. அதான் உங்களுக்குப் போட்டேன்."

பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது என்று கேட்டேன். செருப்புச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். மேலிருந்து எண்ணினால் மூன்றாவது சிவப்பு என்றார். அப்படியென்றால் வெளிக் கம்பியில் கோளாறு. கம்பியே அறுந்தால் ரௌட்டர் எவ்வளவு செய்தி அனுப்பினாலும் நிலையத்துக்கு வந்து சேராது. தீபன் திரையில் எல்லாம் அமைதியாகத்தான் தெரிந்துகொண்டிருக்கும். வெளியே போய்க் கம்பத்தைப் பார்க்கச் சொன்னேன். மரக்கிளை ஒடிந்து கம்பி மேல் கிடக்கிறதாம்.

"எதையும் தொடாதீங்கம்மா. நான் சொல்லிடுறேன்."

"நான் தொடல சார். எழுதிக்குங்க." சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. வைத்துவிட்டார்.

கம்பெனி எண்ணுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மிச்சமிருந்தது ராட்னியின் சொந்த எண். கல்லறைத் தோட்டத்திலும் சாவியைத் திருப்பி வைத்த அன்றும் பார்த்துக்கொண்டதோடு சரி. அதன் பிறகு நாங்கள் பேசவில்லை. கத்தரின் கறி நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை எண்ணை அழுத்தி, அழித்துவிட்டேன். மூன்றாம் முறை மணி அடித்தது.

"பீடோர்ல வெளிக் கம்பி அறுந்திருக்குப்பா. செய்தி வராது. ஆள் அனுப்பணும்," என்றேன், அவன் பேசுவதற்கு முன்பே.

அந்தப் பக்கம் காகிதம் இழுக்கும் சத்தம் கேட்டது.

"எந்தக் கம்பம்?" என்றான். "சொல்லுங்க மாமா, எழுதிக்கிறேன்."